ஒரு நாள் ரயிலுக்குள்ளே, ஒரு நாள் ரயிலுக்கு வெளியே

நீலகிரி மலை ரயிலில் இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் ஊட்டிக்குப் போனேன். மூன்றாவது முறைதான் ரயிலைப் பார்க்கப் போனேன். இந்த ஜனவரியில், ஒரு சனி ஞாயிறு, என் மாமாவோடு.

மாமா திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலை பார்த்தது வேகன் பிரிவில். மலை ரயிலுக்கான புதிய நீராவி இன்ஜின்களைப் பொன்மலையிலேயே செய்யத் தொடங்கியபோது அவர் பணியை விட்டு வெளியே வந்துவிட்டார். "எங்க ஷாப்புல பொறந்த இன்ஜின் மாப்ளே, அது மலை ஏறுறத ஒரு தடவகூட நான் பாக்கல" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றியது.

முதலில் போன நவம்பரில்தான் டிக்கெட் போட்டேன். அது என் தவறு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பாதையில் மண் சரிவதும் மரம் விழுவதும் பாறை உருண்டு வருவதும் அடிக்கடி நடக்கும். வண்டி ரத்து என்று முந்தின நாள் செய்தி வந்தது. பணம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த மாமாவின் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த ரயிலை நம்பி, வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு தூரத்திலிருந்து கிளம்பாதீர்கள். ஜனவரி, பிப்ரவரி நல்லது. வானம் தெளிவாக இருக்கும், குளிரில் நீராவி வெள்ளை வெளேரென்று திரண்டு நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் டிக்கெட் கிடைப்பதே பெரிய பாடு.

டிக்கெட் பற்றி இரண்டு விஷயம். முன்பதிவுத் தளத்தில் ஊட்டி என்று தேடினால் சிலருக்குக் கிடைப்பதில்லை. ரயில்வேக்கு அது உதகமண்டலம், சுருக்கமாக யு.ஏ.எம். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி இன்ஜினோடு மலை ஏறும் வழக்கமான வண்டி ஒரு நாளைக்கு ஒன்றுதான், காலை 7.10-க்கு. இருக்கைகளும் கொஞ்சம்தான். இப்போது முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கிறது. திறக்கும் அன்று காலையிலேயே போட்டுவிட வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் இருந்தால் அதை நம்பி லாட்ஜ் போடாதீர்கள்.

அடுத்தது, எந்த வகுப்பு என்பது. முதல் முறை போனபோது கொஞ்சம் ஆடம்பரமாக இருக்கட்டும் என்று முதல் வகுப்பு எடுத்தேன். குன்னூர் வரைக்கும் இன்ஜின் வண்டியை இழுப்பதில்லை, கீழேயிருந்து தள்ளிக்கொண்டு போகும். முதல் வகுப்புப் பெட்டி மலையைப் பார்த்த முனையில் இருக்கும், இன்ஜின் மறுமுனையில். காட்சி பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் இன்ஜின் சத்தம் ஏதோ பக்கத்து ஊரில் கேட்பது போலத்தான் கேட்டது. ரயிலுக்காகவே போகிறீர்கள் என்றால் இரண்டாம் வகுப்பு எடுங்கள். எங்களுக்கு இந்த முறை இன்ஜினை ஒட்டிய பெட்டியே வாய்த்தது. மாமா ஜன்னலுக்கு வெளியே தலையைத் திருப்பினால் புகைபோக்கி தெரிந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன், கேட்கவில்லை. குன்னூரில் இறங்கும்போது தோளில் கறுப்புப் புள்ளிகள். "இது போனா போகுது, தொவைக்க வேண்டாம்னு அத்தைகிட்ட சொல்லிடு" என்றார்.

வெள்ளிக்கிழமை இரவே மேட்டுப்பாளையம் வந்து தங்கிவிட்டோம். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மலை ரயிலுக்கு முன்பே வந்து சேர்ந்துவிடும். ஆனால் அதில் இறங்கி ஓடினால் இன்ஜினை நிதானமாகப் பார்க்க நேரம் இருக்காது. நாங்கள் ஆறு மணிக்கெல்லாம் பிளாட்ஃபாரத்தில் இருந்தோம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் மாமா எனக்குப் பாடம் நடத்தினார்.

இது எக்ஸ் வகை இன்ஜின். மூல வடிவம் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் இருந்த தொழிற்சாலையுடையது. பழைய இன்ஜின்கள் அங்கேயே செய்து கப்பலில் வந்தவை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு பக்கத்திலேயே இரண்டு சிலிண்டர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. வழக்கமான நீராவி இன்ஜினில் ஒரு பக்கத்துக்கு ஒன்றைத்தான் பார்த்திருப்போம். கீழே இருப்பது தண்டவாளத்தில் ஓடும் சக்கரங்களைச் சுற்றவைக்கும். மேலே இருப்பது இன்ஜினின் வயிற்றுக்கடியில் நடுவில் இருக்கும் பற்சக்கரங்களைச் சுற்றவைக்கும். சமதரையில் கீழ் சிலிண்டருக்கு மட்டும்தான் வேலை. ஏற்றத்தில் கீழ் சிலிண்டரில் வேலை செய்து முடித்த நீராவியை வெளியே விடாமல் மேல் சிலிண்டருக்கு அனுப்பி இன்னொரு முறை வேலை வாங்குவார்கள்.

"ஒரே டிகாஷன்ல ரெண்டாவது காப்பி மாதிரி" என்றார் மாமா. "ஆனா ரெண்டாவது காப்பியும் ஸ்ட்ராங்கா இருக்கணும், அதுலதான் இருக்கு வித்தை."

அப்புறம் ஒன்று சொன்னார். மேல் சிலிண்டரின் தண்டுகள் கீழே இருப்பவற்றுக்கு எதிர்த் திசையில் சுற்றும், அவற்றைவிட வேகமாகவும் சுற்றும். நடுவில் ஒரு பல்லிணை, அதாவது கியர், இருப்பதால் அப்படி. "அத மட்டும் ஓடும்போது என் கண்ணால பாத்துடணும்" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அதன் அருமை முழுதாகப் புரியவில்லை.

வண்டி கிளம்பிப் பவானி ஆற்றைத் தாண்டி, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே கல்லாறு வரைக்கும் சாதாரண ரயிலாகத்தான் ஓடும். பல பேர் இந்தப் பகுதியில் வீடியோ எடுத்தே போன் சார்ஜைத் தீர்த்துவிடுகிறார்கள். விட்டுவிடுங்கள். கல்லாறு தாண்டியதும்தான் விஷயம் ஆரம்பிக்கிறது.

அங்கே இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள் தொடங்குகின்றன. ஆப்ட் முறை என்பார்கள், ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் பொறியாளர் கண்டுபிடித்தது. இந்தியாவில் இப்படிப் பல்லைப் பிடித்து ஏறும் ரயில் பாதை இது ஒன்றுதான். பட்டைகள் இரண்டு, பக்கம் பக்கமாக. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும்படி மாற்றி வைத்திருப்பார்கள். ஆகவே எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் இன்ஜினைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். பாதை 12 அடி போனால் ஓர் அடி ஏறுகிற இடங்கள் உண்டு. சாதாரண ரயிலுக்கு 100 அடிக்கு ஓர் அடி என்பதே நல்ல ஏற்றம்.

பற்பட்டை தொடங்கும் இடத்தில் வண்டி ஊர்ந்தது. நடக்கிற ஆள் முந்திவிடலாம், அவ்வளவு மெதுவாக. மாமா பேச்சை நிறுத்திவிட்டு உள்ளங்கையைப் பலகையில் அழுத்தி வைத்துக்கொண்டார். நானும் வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் அடியிலிருந்து ஒரு லேசான இடி, அதைத் தொடர்ந்து மாவு மில்லில் நிற்கும்போது காலில் ஏறுமே, அப்படி ஒரு அதிர்வு. பல்லோடு பல் சேர்ந்துவிட்டது. பட்டையின் முதல் பகுதியை ஸ்பிரிங் மேல் வைத்திருப்பார்களாம், பல் நேராக வந்து மோதினாலும் அது அமுங்கிக் கொடுத்து இடம் விடும்.

சத்தமும் உடனே மாறியது. வண்டியின் வேகம் குறைந்திருக்கிறது, ஆனால் புகைபோக்கியிலிருந்து வரும் மூச்சு இன்னும் வேகமாக வருகிறது. இதற்கு முன் இரண்டு முறை இதே இடத்தில் போயும் நான் இதைக் கவனித்ததே இல்லை. மேல் சிலிண்டர் வேகமாக ஓடுவதால் மூச்சும் வேகம் என்று மாமா சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அதற்கு மேல் ஏறும் வழியெல்லாம் நான் வெளியே பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத் திண்ணையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். டிரைவர் பின்னால் இருக்கிறார், முன்னே பாதையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. முதல் பெட்டியில் இருப்பவர்தான் அவருடைய கண். அவர் காட்டும் கொடியை அடுத்தவர் பார்த்துக் காட்ட, அதை அடுத்தவர் காட்ட, கடைசியில் டிரைவரிடம் போய்ச் சேரும். ஓரிடத்தில் பாதையில் மாடோ என்னவோ நின்றிருக்க வேண்டும். சிவப்புக் கொடி பெட்டி பெட்டியாக இறங்கி வந்ததைப் பார்த்தேன். வண்டி நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பச்சை அதே வழியில் இறங்கி வந்தது. எல்லாம் கை வேலை.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது குன்னூர் வரை இடப்பக்க ஜன்னல் எனக்குப் பிடித்தது, பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான் நன்றாகத் திறக்கிறது. வண்டியில் கழிப்பறை கிடையாது, ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போகவும் வழி இல்லை. சர்க்கரை வியாதிக்காரர்களும் வயதானவர்களும் மேட்டுப்பாளையத்திலேயே போய்விட்டு வந்து உட்காருங்கள், அடுத்து வழியில் உள்ள ஹில்குரோவ் நிலையத்தில் இறங்கலாம். பெரிய சூட்கேஸ் வைக்க இடம் இல்லை. நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு, கடைத் தண்ணீர் பாட்டிலும் அதில் அடக்கம். ஒரு எவர்சில்வர் பாட்டிலைக் கொண்டுபோய்விடுங்கள்.

ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும். டீயும் வடையும் கிடைக்கும். குரங்குகளும் அதற்காகவே காத்திருக்கும். கையில் தின்பண்டத்தை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். எல்லோரும் டீக்கடைப் பக்கம் போனபோது மாமா எதிர்ப்பக்கம், இன்ஜினை நோக்கிப் போனார். ஃபயர்மேன் மேலேறி நின்று தண்ணீர்க் குழாயைத் திருப்பிக்கொண்டிருந்தார். "இது பொன்மலையில செஞ்சதுதானே?" என்று மாமா கீழேயிருந்து கேட்டார். அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் பேச்சு. மாமா இரண்டு அடி பின்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். சிலிண்டர் பக்கத்தில் செல்ஃபி எடுக்கப் போன ஒரு பையனை அவரே கையைப் பிடித்து இழுத்து விலக்கினார். அங்கே கீழே உள்ள குழாய்களிலிருந்து திடீரென்று கொதிக்கும் நீராவி பக்கவாட்டில் பீய்ச்சும், முன்னறிவிப்பெல்லாம் கிடையாது.

குன்னூரில் நாங்கள் இறங்கிவிட்டோம். டிக்கெட்டே அதுவரைதான் எடுத்திருந்தேன். பற்பட்டை அங்கேயே முடிந்துவிடுகிறது. நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு ஊட்டி வரை டீசல் இன்ஜினைப் பூட்டுவார்கள். 1899-ல் பாதை குன்னூர் வரைக்கும்தான் வந்தது, ஊட்டிக்குப் போய்ச் சேர 1908 ஆகிவிட்டது. லோகோ ஷெட்டும் குன்னூரில்தான் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், அதில் இன்ஜின் பல்லைக் கடித்து ஏறுவது கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும்தான். ஆகவே ரயில் பார்க்க வருபவர்கள் தங்க வேண்டியது குன்னூரில். நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் அறை எடுங்கள். நான் "ரயில் தெரியும் அறை" என்று போனில் சொன்னதை நம்பி ஓர் இடத்தில் முன்பணம் கட்டினேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மதியம் குன்னூர் பிளாட்ஃபாரத்திலேயே உட்கார்ந்திருந்தோம். கழற்றிவிட்ட இன்ஜின் ஷெட்டுக்குப் போனது, எண்ணெய் போட்டார்கள், ஒரு ஆள் அடியில் குனிந்து சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். எல்லாம் பிளாட்ஃபாரத்திலிருந்தே தெரிகிறது. உள்ளே போக அனுமதி வேண்டும், கேட்காமல் நுழையாதீர்கள். ஊட்டியிலிருந்து இரண்டு மணிக்குக் கிளம்பும் வண்டி மூன்று மணி வாக்கில் குன்னூருக்கு வந்ததும் நீராவி இன்ஜின் மறுபடி பூட்டிக்கொண்டு இறங்கியது. இறங்கும்போது அதற்கு வேறு வேலை. சிலிண்டருக்குள் நீராவிக்குப் பதில் காற்றை இழுத்து அழுத்தி, அந்த அழுத்தத்தையே பிரேக்காக வைத்து வண்டியைத் தாங்கிக்கொண்டு போகும். தள்ளுவதைவிடத் தாங்குவதுதான் கஷ்டம் என்று மாமா சொன்னார்.

அதன் பிறகு கேத்தி வரை டீசல் வண்டியில் போய்விட்டு வந்தோம். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் தினமும் பல வண்டிகள் ஓடுகின்றன. அழகான பாதைதான், கேத்திப் பள்ளத்தாக்கு கண்ணுக்குள்ளேயே நிற்கும். வழியில் வெலிங்டன் ராணுவப் பகுதி, அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை எல்லாம் இருப்பதால் அங்கே கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள். மற்றபடி அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. மனசு கீழே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெளியே இருக்கும் நாள். சனிக்கிழமை இரவு சாப்பிடும்போதுதான் மாமா கேட்டார், "உள்ள உக்காந்திருந்தா மேல் ராடு சுத்துறது எப்படிடா தெரியும்?" உண்மைதான். பெட்டிக்குள் இருப்பவருக்கு மலை தெரியும், காடு தெரியும், வளைவில் வண்டியின் வாலோ தலையோ தெரியும். இன்ஜினின் பக்கவாடு தெரியவே தெரியாது. அதைப் பார்க்க வண்டி நம்மைக் கடந்து போக வேண்டும், நாம் நிற்க வேண்டும்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் இறங்கினால் காட்டேரிப் பூங்கா வரும், அதை ஒட்டி ரன்னிமேடு நிலையம். ஒரு ஆட்டோ பிடித்து ஒன்பது மணிக்கே போய்விட்டோம். நிலையத்தில் இருந்தவரிடம் ரயில் பார்க்க வந்திருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொன்னோம், எங்கே நிற்கலாம் என்று அவரே காட்டினார். பாதை மேல் நடப்பதும், சுரங்கத்துக்குள் போய்ப் படம் எடுப்பதும் கூடவே கூடாது. சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம். இந்தக் காட்டில் யானையும் அதே பாதை வழியாகத்தான் வரும்.

காத்திருந்தோம். முதலில் வந்தது சத்தம் மட்டும். பள்ளத்தாக்கின் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி ஒரு விசில். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. மரங்களுக்கு மேலே ஒரு வெள்ளைக் கொத்து எழுந்து கலைந்தது. இன்னும் கொஞ்சம் மேலே இன்னொன்று. பற்பாதையில் வண்டிக்கு மணிக்கு 13 கிலோமீட்டர்தான் வேகம், ஆகவே அவசரமே இல்லை. கேமராவை எடுத்து, சரிபார்த்து, மாமாவுக்கு ஸ்வெட்டர் போட்டுவிட்டு, ஆரஞ்சு ஒன்றை உரித்துக்கூடக் கொடுத்துவிட்டேன். அப்புறம் வளைவில் முதல் பெட்டி தெரிந்தது, திண்ணையில் பச்சைக் கொடியோடு பிரேக்ஸ்மேன்.

பெட்டிகள் கடந்தன, உள்ளே இருந்தவர்கள் கையசைத்தார்கள். பிறகு இன்ஜின் எங்களுக்கு நேரே வந்தது. கீழே பெரிய தண்டு நிதானமாகப் போய் வந்தது, முன்னோக்கி. அதற்கு மேலே சின்னத் தண்டு, படபடவென்று, பின்னோக்கி. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்ற, மொத்த இரும்பும் ஒரே பக்கமாக மேலே போனது. பார்க்கிற கண்ணுக்கு அது பிசகு போலத்தான் தெரிகிறது. மாமா சுளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் வீடியோ எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம், ஆனால் அந்த இருபது நொடியைத் திரையில் பார்க்க மனசு வரவில்லை. வீடியோ வேண்டும் என்பவர்கள் போனை ஒரு ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் கண்ணைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குன்னூரிலிருந்து பஸ்ஸில் இறங்கினோம். பஸ் ரயிலைவிட ரொம்ப வேகம், ஆகவே மாலை ஐந்தரை மணிக்கு ரயில் வருவதற்கு வெகு முன்பே மேட்டுப்பாளையம் நிலையத்தில் இருந்தோம். வண்டி வந்து நின்று, கூட்டம் கலைந்ததும் மாமா இன்ஜின் வரை நடந்தார். டிரைவர் பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். மாமா தான் பொன்மலையில் இருந்ததைச் சொன்னார்.

"எந்த ஷாப்பு சார்?" என்று கேட்டார் டிரைவர்.

மாமா சொன்னார். டிரைவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மேல் சிலிண்டரைக் காட்டி ஏதோ கேட்க, மாமா குனிந்து பார்த்தார். நான் பைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். கோயம்புத்தூர் வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது.